முதுகுத் துணி

அந்தத் துணியை முதன்முதலில் கையில் வாங்கியபோது எனக்குக் குமட்டியது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த கனமான துணி, பாதிப் போர்வை அளவு இருக்கும். மேல் விளிம்பில் இரண்டு பக்கமும் ஆளை இரண்டு சுற்றுச் சுற்றுகிற நீளத்துக்குப் பட்டைகள். புளித்த பால், வேர்வை, குழந்தையின் எச்சில், ஐப்பசி மழையில் சரியாகக் காயாத ஈரம் எல்லாம் சேர்ந்து ஒரே வாடையாக அடித்தது. இதை உடம்பில் சுற்றிக்கொள் என்று அந்த அம்மா சைகை காட்டினாள். நான் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அது 1991. ஒரகடம் பக்கம் இப்போது இருக்கிற மாதிரி வரிசையாகக் கம்பெனிகள் கிடையாது. வல்லம் வடகால் எல்லாம் நெல் வயல். நான் வேலை பார்த்தது, செருப்பின் மேல்தோலைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனி. தகரக் கூரை, காம்பவுண்டுச் சுவர், உள்ளே நுழைந்தாலே தலையைச் சுற்றுகிற பசை நாற்றம். அந்த வருஷம் மே மாதம் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஊருக்குள் புது முகம் தெரிந்தால் உடனே விசாரணை. அந்த நேரம் பார்த்து, புதுத் தையல் மிஷின்களை ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரு கொரியாக்காரரை வரவழைத்தார்கள். அவர் பெண்டாட்டி, பிள்ளையோடு வந்து மெயின் ரோட்டில் ஒரு மாடி வீட்டில் குடியேறினார். எங்கள் ஜனங்களுக்குக் கொரியாவாவது ஒன்றாவது. பார்த்த அன்றே சைனாக்காரங்க என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எனக்கு அப்போதுதான் முதல் பெண் குழந்தை. ஏழு மாதம். பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பவும் வேலைக்கு வந்து நின்றால், சூப்பர்வைசர் என்னை லைனில் உட்கார விடவில்லை. எந்நேரமும் பாக்கை மென்று சுவர் மூலையில் துப்புகிற மனுஷன். அந்த மூலையைப் பார்த்துவிட்டு மத்தியானச் சோறு சாப்பிட முடியாது.

"பால் குடுக்கிற பொம்பள லைன்ல வோணாம். பத்து நிமிசத்துக்கொரு தபா எயுந்து பாத்ரூம் போய்க்கினு இருப்பே. பீஸ் எவன் குடுக்கிறது?" என்று சொன்னான். சொல்லும்போது அவன் கண் என் முகத்தில் இல்லை. "சைனாக்காரிக்கு ஆள் வோணுமாம். கை ஒடஞ்சிகீது. புள்ளையத் தூக்கணும். போறியா, இன்னா?"

அவனை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு போனேன். வேலை போய்விட்டால் வீட்டில் என் பேச்சு எடுபடாது என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கொரியாக்கார அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். பின்கட்டுப் பாசியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பையனுக்கு ஒரு வயசு, கொழுகொழுவென்று அம்மிக்கல் கனம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கொரியா பாஷை தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளை ஒன்றாகச் சேர்த்தால்கூட ஒரு முழு வாக்கியம் தேறாது. எல்லாம் கையாலும் முகத்தாலும்தான். துணியின் பேர் போதேகி என்று சொல்லிக்கொடுத்தாள். பிறகு பையனுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, "ஓபுபா" என்றாள். அந்தத் தடியன் சிரித்துக்கொண்டே ஓடி வந்து அவள் முதுகில் தொப்பென்று விழுந்தான். அப்புறம் என்னைப் பார்த்து, இப்போது நீ செய் என்று முகவாயை அசைத்தாள்.

நான் குந்தினேன். சொன்னேன். அவன் வந்து விழுந்தான். என் பிடரியில் அவன் வாய் பட்டது. ஈரம். உடம்பெல்லாம் கூசியது. என் குழந்தையின் எச்சில் எனக்குப் பழகியது, அது என் உடம்பிலிருந்து வந்தது. ஊர் பேர் தெரியாத ஒரு பிள்ளையின் ஜொள்ளு கழுத்து வழியாக ஜாக்கெட்டுக்குள் இறங்குவது வேறு. ஆனால் குனிந்த நிலையில் என்ன செய்ய முடியும்? அந்த அம்மா ஒற்றைக் கையால் துணியை அவன் மேல் போர்த்தி, பட்டைகளை என் அக்குள் வழியாக முன்னால் கொண்டுவந்து நெஞ்சுக்கு மேலே குறுக்காகப் போட்டாள். திரும்பப் பின்னால் அனுப்பிப் பையனின் பிட்டத்துக்குக் கீழே ஒரு குறுக்கு. மறுபடி முன்னால். அவ்வளவுதான். கண் முன்னால் செய்தபோது ஒன்றுமே இல்லாதது போலத் தெரிந்தது. கடைசி முடிச்சை மட்டும் நீயே போட்டுக்கொள் என்று பட்டை நுனிகளை என் கையில் கொடுத்தாள்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். புடவை கட்டுகிற கைக்கு முடிச்சுப் போடத் தெரியாது. கொசுவத்தை எப்படிச் செருகுகிறோம்? மடித்து, வயிற்றை எக்கி, உள்ளே ஒரு செருகு. நாள் முழுக்க நாற்று நட்டாலும், தண்ணீர்க் குடம் தூக்கினாலும் அது அவிழாது. எங்கள் ஊர்ப் பெண் எவளைக் கேட்டாலும் இதைத்தான் செய்வாள். நானும் பட்டை நுனிகளை மடித்து இடுப்பில் செருகினேன். போதாக்குறைக்கு எல்லாமே முந்தானைக்கு மேலேயே சுற்றியிருந்தது. அதுவும் வழவழ நைலக்ஸ் புடவை. எழுந்து நின்று நாலடி நடந்திருப்பேன். புடவை, துணி, பையன் மூன்றும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தன. நான் கையைப் பின்னால் விட்டு எதையோ பிடித்தேன். பிடிபட்டது ஒரு கால். அந்த அம்மா கத்திய கத்தலில் கீழ் வீட்டுக்காரர்கள் படியேறி வந்துவிட்டார்கள். அவர்கள் பார்த்தது என்ன? முந்தானை தரையில், முதுகில் தலைகீழாக ஒரு பையன், அவன் காலைப் பிடித்துக்கொண்டு நான்.

கீழ் வீட்டு ஆம்பளைகள் கண்ணை எடுக்காமல் நின்றார்கள். எச்சில் இலை பார்த்த நாய்கள். அந்த அம்மா இடது கையால் கதவை அவர்கள் முகத்துக்கு நேரே சாத்தினாள். எனக்கு அவள் மேல் முதல் முறையாக மரியாதை வந்தது.

அடுத்து வந்த நாட்களில் அவள் என்னை விடவில்லை. பையனுக்குப் பதில் தலையணையை வைத்துக் கட்டச் சொன்னாள். முந்தானையை முதலில் இழுத்துச் செருகு, துணி உடம்போடு ஒட்ட வேண்டும். பட்டையை முறுக்கு. இறுக்கு. இன்னும் இறுக்கு. அவளே ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு இழுப்பாள். பிறகு முடிச்சு. நான் செருகப் போனால் புறங்கையில் படாரென்று ஒரு தட்டு. வலிக்கிற தட்டுதான். மாமியார் இல்லாத வீட்டில் வாக்கப்பட்டேன் என்று சந்தோஷப்பட்டது, கடைசியில் இவளிடம் அடி வாங்கத்தானா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் வீட்டில் ஜாடியில் ஊறப்போட்ட கோஸின் வாடை வேறு எனக்கு ஆகவே ஆகாது. ஒரு நாள் நான் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோனேன். டப்பாவைத் திறந்ததும் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். அன்றைக்குத்தான் கணக்குச் சரியானது போலச் சிரித்தேன்.

கட்டக் கற்றுக்கொண்ட பிறகு அவனை முதுகில் போட்டுக்கொண்டு கடைக்கும் போக ஆரம்பித்தேன். அங்கே ஆரம்பித்தது வேறு நாற்றம். வாயிலிருந்து வருகிற நாற்றம்.

"இன்னாமே, குறத்தி மாதிரி புள்ளைய மூட்ட கட்டிக்கினு வரே? பாசிமணி விக்கிறியா?" என்று மளிகைக்கடையில் நின்ற ஒருத்தி கேட்க, கடையே சிரித்தது. கல்லாவில் இருந்தவன் கேட்டதைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தான். பஸ்ஸுக்கும் கோயிலுக்கும் நடுவில் வெயிலில் அலைந்து பிழைக்கிற அந்தக் குறத்திப் பெண்கள் இவர்களை என்ன செய்தார்கள்? நேற்றுவரை எனக்குச் சிரித்துச் சிரித்துச் சாமான் கட்டிக் கொடுத்தவன், ஒரு துணியைப் பார்த்ததும் விரல் படாமல் பொருளை வைக்கிறான். வல்லக்கோட்டை முருகனுக்குக் கிருத்திகை தவறாமல் போய் வருகிற குடும்பம் அது. அன்றைக்கு எனக்கு அவன் கடைப் பருப்பே இறங்கவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டாள். "முதுகுல கட்டுனா கொயந்த மூஞ்சி கண்ணுக்குத் தெரியுமா? மூச்சு நின்னாக்கூட தெரியாது. நம்ம கொயந்தைக்கு அந்தப் பயக்கமெல்லாம் வோணாம்." நான் வேலைக்குப் போகும்போது என் மகளைப் பார்த்துக்கொண்டது அவள்தான். என் மகள் விட்டத்தில் தொங்குகிற புடவைத் தூளியில் கிடப்பாள். நல்ல சமத்து, சத்தமே இல்லாமல் தூங்குகிறது என்று ஓரகத்தி தினமும் சொல்வாள். அந்தச் சமத்து எனக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் நான் வந்து தூக்கினால் கண் பாதிதான் திறக்கும். மார்பில் போட்டால் நாலு வாய் உறிஞ்சிவிட்டு மறுபடி தொங்கிவிடும். தொடைச் சதை தொளதொளவென்று ஆகிக்கொண்டு வந்தது. சொன்னால், "பல்லு மொளைக்கிது" என்றார் என் வீட்டுக்காரர். பல் முளைக்கிற குழந்தை ஊரைக் கூட்டும், இப்படியா தூங்கும் என்று கேட்டால், உனக்கு எல்லாத்திலும் சந்தேகம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு நாள் முற்பகல். பையன் என் முதுகில் இருந்தான். தூக்கம் கலைந்து வீறிட்டு அழுதான். அவன் அழ, எனக்குப் பால் சுரந்துவிட்டது. நெஞ்சுக்குக் குறுக்கே இறுக்கிய பட்டை வேறு. ஜாக்கெட் நனைந்து, பட்டை நனைந்து, வயிறு வரை ஈரம் இறங்கியது. யாருடைய பிள்ளையோ அழுகிறான், என் மகளுக்குள்ள பால் துணியில் போகிறது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த அம்மா பார்த்துவிட்டாள். தன் மார்பைத் தொட்டு, குழந்தை உயரத்தைக் கையால் காட்டி, எங்கே என்று கேட்டாள். நான் ஏரிப் பக்கம், எங்கள் ஊர் இருக்கிற திசையைக் காட்டினேன். அவள் முகம் மாறிப்போனது. மடமடவென்று என்னவோ திட்டினாள். பையனை அவிழ்த்து வாங்கிக்கொண்டு, வலது கைக் கட்டோடு என்னை வாசல் வரை தள்ளினாள். போ, போய்ப் பால் கொடு. அது எந்தப் பாஷையாக இருந்தால் என்ன, எனக்கு விளங்கியது.

அப்படித்தான் அன்றைக்கு நான் நேரம் கெட்ட நேரத்தில் வீட்டுக்கு வந்தேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் சைக்கிளோடு எங்கேயோ போயிருந்தார். ஓரகத்தி கொல்லையில் மாட்டோடு இருந்தாள். தூளிக்குக் கீழே தரையில் என் மகளுக்குப் பால் புகட்டுகிற பாலாடை கிடந்தது. அதைச் சுற்றி எறும்பு. ஒன்றிரண்டு இல்லை, பாலாடையின் மூக்கே கறுப்பாகத் தெரிகிற அளவுக்கு மொய்த்துக்கொண்டிருந்தது. வரிசை ஒன்று தூளிப் புடவை மேலேயும் ஏறிக்கொண்டிருந்தது. பாலுக்கு எறும்பு இப்படி வராது. பாலாடையை எடுத்து உதறிவிட்டு முகர்ந்தேன். தித்திப்பாக, மருந்துக்கடை வாசனை. இருமல் மருந்து.

"அக்கா, இதுல இன்னா ஊத்தினே?"

"இன்னாமே கத்துறே? சக்கரத் தண்ணி."

"மோந்து பாத்துட்டு தான் கேக்கறேன். சொல்லு."

அவள் சாணிக் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். பயம் ஒன்றும் இல்லை, அவளுக்கும் எரிச்சல்தான். "உன் வூட்டுக்காரரக் கேளு. அவரு தான் வாங்கியாந்து குடுத்தாரு. ஒரு பாலாட ஊத்துனா தூங்கிக்கினே இருக்கும், தொல்ல இல்லன்னாரு. ரெண்டு மாடு, ரெண்டு புள்ளைங்க, கழனி வேல. உன் கொயந்தைய எத்தினி நேரம் நான் இடுப்புல வெச்சிக்கினு இருக்க முடியும்? நீ அங்க எவன் புள்ளையவோ தூக்கிக்கினு திரியறே."

அவள் சொன்னதில் பாதி நியாயம். அவளுக்கும் வேலை கழுத்து மட்டும். ஆனால் அந்த மருந்தை வாங்கி வந்தவருக்கு என்ன நியாயம்? பெற்ற தகப்பன். தொல்லை இல்லையாம்.

மகளைத் தூளியிலிருந்து எடுத்தேன். ஈரத் துணியை எடுக்கிற மாதிரி மடிந்து வந்தாள். உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. கன்னத்தில் தட்டினேன், பாதத்தைக் கிள்ளினேன். கண் ஒரு கோடு திறந்து மூடியது. கோமணத் துணியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து மொடமொடவென்று இருந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. இடுப்பில் நாம் மட்டும் குழந்தையைப் பிடிப்பதில்லை, அதுவும் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. காலால் இடுப்பைக் கவ்வும், கையால் முந்தானையைப் பற்றும். என் மகள் எதையும் பிடிக்கவில்லை. தலை பின்னால் சாய்ந்தால் சாய்ந்தபடி, கால் தொங்கினால் தொங்கியபடி. தலைக்கு ஒரு கை, உடம்புக்கு ஒரு கை, சேற்றில் வழுக்கினால் ஊன்றிக்கொள்ளக் கையே இல்லை. ஏரிக்கரையில் இரண்டு இடத்தில் விழப் பார்த்தேன். வழியில் பார்த்தவர்கள் இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று கேட்டார்களே தவிர ஒருத்தரும் கை நீட்டவில்லை.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் மாடியிலிருந்து அந்த அம்மா பார்த்துவிட்டாள். செருப்புகூட இல்லாமல் இறங்கி வந்தாள். குழந்தையின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். திரும்ப ஏறிப்போய்ப் போதேகியைக் கொண்டுவந்தாள். என்னைக் குனியச் சொல்லி, நடு ரோட்டில், டீக்கடை ஆட்கள் பார்க்க, என் மகளை என் முதுகில் வைத்துக் கட்டினாள். மாவுக்கட்டுக் கையைப் பற்றி அவள் அன்று கவலைப்படவில்லை. பட்டையை இழுத்தபோது வலியில் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. மாடியில் அவள் பையன் தனியாக அழுதுகொண்டிருந்தான். முடிச்சைப் போட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, என் தோளில் ஒரு அடி கொடுத்தாள். பஸ் வந்தது. ஏறினேன்.

அந்த ஸ்ரீபெரும்புதூர் கவர்மெண்டு ஆஸ்பத்திரியைப் பற்றி நான் நல்லதாக எழுத வழி இல்லை. வராந்தாவில் பினாயில் நாற்றத்துக்குள்ளிருந்து அதைவிட மோசமான நாற்றம் எட்டிப் பார்த்தது. ரத்தப் பஞ்சு வாளியைச் சுற்றி ஈ. கட்டில் காலடியில் ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது, அதை விரட்ட யாருக்கும் தோன்றவில்லை. டாக்டர் மட்டும் மனுஷனாக இருந்தார். குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், உச்சிக்குழியைத் தடவினார். இருமல் மருந்து என்று சொன்னதும் பேனாவை மேஜை மேல் போட்டார்.

"மருந்துல செத்துடாதும்மா. பால் குடிக்காமத் தூங்கித் தூங்கி உடம்புல தண்ணி இல்லாமப் போச்சு. கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. காலையில் நான் கிளம்பும்போது துணி காய்ந்துதான் இருந்தது.

"தூங்க விடாதீங்க. நிமிர்த்தியே வெச்சிருங்க. பால் பீச்சிக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டே இருங்க. பொழுது சாயறதுக்குள்ள ஒண்ணுக்குப் போயிடுச்சுன்னா பயம் இல்ல. போகலைன்னா இங்க வெச்சுக்க முடியாது, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். அது வரைக்கும் தாங்கணும்."

ஆயா காட்டிய கட்டிலில் விரிப்பு இல்லை. ரெக்சின் கிழிந்து உள்ளே மஞ்சளாக எதுவோ ஊறியிருந்தது. அதில் என் பெண்ணைக் கிடத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வராந்தாச் சுவரோரம் திரும்பி உட்கார்ந்து பாலைப் பீச்சி, டாக்டர் கொடுத்த ஸ்பூனில் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். பாதி வழிந்தது, பாதி இறங்கியது. பிறகு நானே குனிந்து, நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து, ஒற்றைக் கையால் அவளை முதுகில் ஏற்றி, துணியைப் போர்த்தி, பட்டையை இழுத்தேன். கை தன்னால் இடுப்பில் செருகப் போனது. விடவில்லை. முடிச்சுப் போட்டேன். எழுந்து வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அவிழ்ப்பது, ஊற்றுவது, கட்டுவது, நடப்பது. மறுபடி அவிழ்ப்பது. முதுகில் இருந்தால் மூச்சு நின்றாலும் தெரியாது என்றாள் என் ஓரகத்தி. தப்பு. அவள் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது. சின்னதாக, சூடாக, பால் வாடையோடு. எப்போதாவது அது தவறினால் என் கால் அங்கேயே நின்றுவிடும். மறுபடி பட்டதும் நடப்பேன்.

மூன்று மணி வாக்கில் என் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். குழந்தை எப்படி இருக்கிறாள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"இன்னாடி இது கோலம்? அவுறு அத்த. எல்லாரும் பாக்கறாங்க."

"இருமல் மருந்து வாங்கியாந்து குடுத்தீங்களா?"

"மெடிக்கல்காரன் கொயந்தைக்குன்னு கேட்டு தான் குடுத்தான். ஒண்ணும் ஆவாதுன்னான். ஊர்ல எவன் குடுக்கல? நான் நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து பகல்ல தூங்க வோணாமா? நீ காலைலயே கெளம்பிப் போயிடறே." சொல்லிக்கொண்டே அக்கம்பக்கம் பார்த்து ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். வேறு யாரோ செய்த காரியத்துக்கு நான் அவரிடம் சண்டை போடுவதைப் போல. பெற்ற பெண் பிழைப்பாளா என்று தெரியாமல் நான் நடக்கிறேன், அவருக்கு அங்கே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுதான் கவலை. நடந்தேன். கூடவே பின்னால் வந்து, மனுஷங்க தூக்குற மாதிரி தூக்கு, மானம் போவுது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்து வராந்தாவின் பாதி வரை நிழல் ஏறியது. டாக்டர் ஒரு தரம் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். அவர் மேஜையில் எழுதுகிறாரோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எழுதிவிட்டால் மெட்ராஸ்தான். பஸ்ஸில் அவ்வளவு தூரம். தாங்குவாளா? முருகா, இவளுக்கு மொட்டை போடும்போது நானும் போட்டுக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டே நடந்தேன்.

அப்போது முதுகில் சூடு பரவியது. முதலில் வேர்வை என்று நினைத்தேன். சூடு கீழே இறங்கியது. பஞ்சுத் துணி தாண்டி, ஜாக்கெட் தாண்டி, இடுப்பில் புடவைக் கட்டுக்குள் புகுந்து, உள்பாவாடை வழியாகத் தொடையில் ஓடி, பாதத்தில் சொட்டியது. அடர் மஞ்சள், கடுமையான நெடி. நான் அசையாமல் நின்றேன். நகர்ந்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

"சீ!" என்று என் வீட்டுக்காரர் துள்ளி ஒதுங்கினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர்! ஒண்ணுக்குப் போயிட்டா! டாக்டர்!" நான் போட்ட சத்தத்தில் நாய் எழுந்து ஓடியது. டாக்டர் வந்து, வெறும் கையால் அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். சிரித்தார். "அவ்வளவுதான். இனி பால் குடு, அழவிடு, நல்லா அழட்டும்" என்றார். சொல்லிவைத்தது போல என் மகள் என் காதுக்குள் அழுதாள். கரகரத்த, கோபமான அழுகை. எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு! எனக்கும் வாய் கோணிக்கொண்டு வந்தது. நின்ற இடத்திலேயே இரண்டு பேரும் அழுதோம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எங்களை அனுப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் நான் துவண்டுபோய் நின்றேன். முதுகு முழுக்க ஈரம், காலையிலிருந்து சோறு தண்ணீர் இல்லை. என் வீட்டுக்காரருக்கு அப்போது மனசு கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். "குடு, நான் தூக்கிக்கினு வரேன். நீயும் எவ்ளோ நேரம்தான் நடப்பே?"

"அவளுக்கு இன்னும் தல தொவளுது. தூக்கிக்கினு சைக்கிள்ள போவ முடியாது. முதுகுல கட்டிக்கங்க. நான் கட்டி வுடறேன். பஸ்ஸுல ஒண்ணா போவலாம்" என்றேன். குத்தலாகச் சொல்லவில்லை. அந்த நிமிஷம் அவர் குனிந்திருந்தால் எல்லாவற்றையும் மறந்திருப்பேன்.

அவர் எதிரே டீக்கடையைப் பார்த்தார். பெஞ்சில் நாலைந்து ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஈரம் சொட்டுகிற அந்தத் துணியைப் பார்த்தார். மறுபடி டீக்கடையைப் பார்த்தார். சைக்கிளை எடுத்து ஏறிப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து என் மகளையும் அந்த மாடி வீட்டுக்குக் கொண்டுபோனேன். சூப்பர்வைசர் கேட்டதற்கு, போய் சைனாக்காரியிடமே கேள் என்றேன். அவன் போகவில்லை. என் வீட்டுக்காரரோடு நான் எத்தனையோ வருஷம் குடித்தனம் நடத்தினேன். கெட்ட மனுஷன் இல்லை என்று ஊர் சொல்லும், நானும் அதை மறுக்க மாட்டேன். கடைசிக் காலத்தில் அவர் படுத்த படுக்கையாகிவிட்டபோது ஒண்ணுக்குப் போன துணியை நான்தான் மாற்றினேன், நான்தான் துவைத்தேன். ஒரு தரம்கூட முகம் சுளித்ததில்லை. அந்த பஸ் ஸ்டாப்பை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.